கரிசல் மண்ணோட மூச்சை அளக்குற வேலை

கரிசல் மண்ணு இவ்ளோ கறுப்பா இருக்கே, அப்போ கார்பன் எக்கச்சக்கமா இருக்கும்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, எங்க லேப்ல புதுசா சேர்ற பசங்களும் அந்த நினைப்போட தான் வருவாங்க. ஆனா கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல மானாவாரி நிலத்து மண்ணை எடுத்துட்டு வந்து டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊத்தி டைட்ரேட் பண்ணி, அதாவது சொட்டு சொட்டா விட்டு அளந்து பாத்தா, கார்பன் பெரும்பாலும் அரை சதவீதம் பக்கத்துல தான் நிக்கும், சில எடத்துல அதுக்கும் கீழ. மண் பரிசோதனையில 0.5க்கு கீழ வந்தா குறைவு, 0.75க்கு மேல போனா தான் அதிகம்னு எழுதுவோம். இருக்குற கொஞ்சூண்டு மக்கு, அதாவது செடி தழை மக்கிப்போனது, களிமண்ணோட இறுக்கி ஒட்டிக்கிட்டு நிக்கிது, அந்தக் கறுப்பை வச்சு அளவைச் சொல்ல முடியாது. நீலகிரி சோலைக்காட்டு மண்ணுல இதைவிட பல மடங்கு கார்பன் இருக்கு, ஏன்னா அங்க குளிர், ஈரம், எல்லாம் மெதுவா தான் மக்கும். இங்க அடிக்கிற வெயிலுக்கு எதுவும் ரொம்ப நாள் தங்காது.

என் வேலையில முக்கால்வாசி மண்ணு விடுற கார்பன் டை ஆக்சைடை, அதாவது உள்ள இருக்குற வேரும் நுண்ணுயிரும் விடுற மூச்சை, அளக்குறது தான். ஒரு பிவிசி வளையத்தை மண்ணுல அடிச்சு இறக்கணும், இறக்கின கையோட அளக்கக் கூடாது, வேர் அறுந்து மண்ணு கலைஞ்சு அளவு ஏறிக் காட்டும், அதனால ஒரு நாளாவது ஆற விட்டு அப்புறம் மேல சேம்பரை மூடி உள்ள வாயு எவ்ளோ வேகமா ஏறுதுன்னு அனலைசர்ல பாக்கணும். லேப்ல இன்னும் பழைய முறையும் உண்டு, மண்ணை ஒரு மூடின பாட்டில்ல போட்டு உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு வச்சா வெளிய வர்ற வாயுவை அது உறிஞ்சிக்கும், மிச்சம் இருக்குற காரத்தை ஆசிட் விட்டு அளந்தா கணக்கு வந்துடும்.

கரிசல்ல இது லேசுப்பட்ட காரியம் இல்ல. சித்திரை வைகாசியில நிலம் கை உள்ள போற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். வளையத்தை வெடிப்பு மேல வைக்கிறதா, கட்டி மேல வைக்கிறதா? ரெண்டுலயும் வேற வேற நம்பர் வரும். மண்ணோட அடர்த்தியும் அப்படித்தான், ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும், அதனால ஐப்பசியில எடுத்த அடர்த்தியும் பங்குனியில எடுத்த அடர்த்தியும் ஒண்ணா இருக்காது, ஆனா ஒரு எக்டேர்ல எத்தனை டன் கார்பன்னு சொல்லணும்னா சதவீதத்தை இந்த அடர்த்தியால பெருக்கித் தான் ஆகணும். போதாக்குறைக்கு மண்ணுல சுண்ணாம்புக் கட்டி வேற. ஆசிட் சொட்டு விட்டா நுரைச்சுக்கிட்டு வரும். அதுல இருக்குறதும் கார்பன் தான், ஆனா செடியில இருந்து வந்த கார்பன் இல்ல, எரிச்சு அளக்குற மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி அதை ஆசிட்ல கரைச்சு வெளியேத்தலைன்னா ரெண்டும் சேந்து பெரிய நம்பரா வந்து நிக்கும். யாராவது கரிசல் மண்ணுல இவ்ளோ கார்பன்னு நம்பர் சொன்னா நான் முதல்ல கேக்குறது சுண்ணாம்பை எடுத்தீங்களான்னு தான்.

இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் கோடை மழை. காஞ்சு கிடந்தப்போ அனலைசர்ல கோடு ஏறவே ஏறாது, ஒரு மழை பெஞ்சதும் சில மணி நேரத்துல பல மடங்கு எகிறிடும். மண்ணு காஞ்சதுல செத்துப்போன நுண்ணுயிரெல்லாம் பொழைச்சதுக்கு இரையாகுது, ஈரம் பட்டு மண் துணுக்குகள் உடைஞ்சு உள்ள ஒளிஞ்சிருந்த மக்கும் வெளிய வருது. கென்யாவுல வேலை பாத்த பர்ச்ங்கற விஞ்ஞானி 1958ல இதை விரிவா எழுதினாரு, இன்னைக்கும் பர்ச் விளைவுன்னு தான் சொல்றோம்.

நாங்க வளையம் போட்ட நிலத்துக்காரர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. "அப்போ மழை பெஞ்சதும் சத்தெல்லாம் காத்துல போயிருதா தாயி?"ன்னு கேட்டாரு. "கார்பன் போகுது அண்ணாச்சி, ஆனா அது கூடவே கட்டிக்கிடந்த தழைச்சத்து அவுந்து பயிருக்குக் கிடைக்குது"ன்னு சொன்னேன். பர்ச்சும் அதைத்தான் பாத்தாரு, மண்ணு காஞ்சு நனைஞ்சா நைட்ரஜன், அதான் தழைச்சத்து, கூடுதலா வெளிய வருது. எனக்கு அப்போ நினைவு வந்தது தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்ங்கற குறள். ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகுற அளவுக்கு உழுது காய விட்டா ஒரு பிடி எரு கூட வேண்டாம்ங்குது. ஒரு போகத்துக்கு அது சரி தான், நான் வளையத்துல பாக்குறதும் அதைத்தான். ஆனா மண்ணு காயிறதால கிடைக்குற சத்து எல்லாம் பழைய சேமிப்பு, வருஷா வருஷம் எடுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? அடுத்த குறள்லயே ஏரினும் நன்றால் எருவிடுதல்னு வந்துடுது, உழவை விட எரு போடுறது முக்கியம்னு. ரெண்டையும் சேத்துப் படிக்கணும், நான் இதை கிளாஸ்ல கட்டாயம் சொல்லுவேன்.

உலகத்துல மேல் ஒரு மீட்டர் மண்ணுல மட்டும் சுமார் 1,500 பில்லியன் டன் கரிமக் கார்பன் இருக்கு, இது காத்துல இருக்குறதை விட அதிகம். அதனால இப்போ எல்லாருக்கும் மண்ணு மேல ஒரு கண்ணு. கார்பன் கிரெடிட், அதாவது மண்ணுல கார்பனைச் சேத்து வச்சா கிடைக்குற காசு, வாங்கித் தர்றோம்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க ஒரே வருஷத்துல எவ்ளோ ஏறும்னு கேக்குறாங்க. கணக்கைப் பாருங்க, ஒரு எக்டேர்ல மேல் 15 சென்டிமீட்டர் மண்ணு, அடர்த்தி 1.3ன்னு வச்சா 1,950 டன், அதுல 0.5 சதவீதம்னா பத்து டன் கிட்ட கார்பன். இதை 0.6 ஆக்கணும்னா இன்னொரு ரெண்டு டன் உள்ள தங்கணும். காஞ்ச தழையோட எடையில 40–45 சதவீதம் கார்பன் தான், அதுலயும் பெரும்பகுதியை நுண்ணுயிர் தின்னு ஒண்ணு ரெண்டு வருஷத்துல காத்துக்கு அனுப்பிடும். இதுக்கெல்லாம் மேல, ஒரே நிலத்துல பத்தடி தள்ளி எடுத்த ரெண்டு மண்ணுக்கு நடுவுலயே 0.1 வித்தியாசம் சாதாரணமா வரும். அப்புறம் ஒரு வருஷத்து மாத்தத்தை எதை வச்சுச் சொல்றது? ஒரு விவசாயிக்கிட்ட அந்த நம்பரைக் காட்டி காசு பேசுறது நியாயமே இல்ல, அவரு அதை நம்பி முடிவெடுப்பாரு.

அதனால தான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 1909ல ஆரம்பிச்ச நிரந்தர எரு சோதனைத் திடல் மாதிரி ஒண்ணு எனக்குப் பெரிய சொத்தாத் தெரியுது. ஆரம்பிச்சவங்க யாரும் இன்னைக்கு இல்ல, கார்பனை மனசுல வச்சு போட்டதும் இல்ல, ஆனா ஒரே துண்டுக்கு ஒரே எருன்னு நூறு வருஷத்துக்கு மேல விடாம போட்டதால தான் நாம இன்னைக்கு மெதுவா நடக்குற மாத்தத்தைப் பத்தி தைரியமா பேச முடியுது. இந்த மாதிரி திடலை எல்லாம் நிதி இல்லன்னு மூடிடக் கூடாது, எங்க எடம் கிடைச்சாலும் இதை நான் சொல்லுவேன்.

கரிசல் காட்டுல பழைய வழக்கமும் இதுக்குத் தோதா தான் இருக்கு. அறுவடை முடிஞ்சு ஆட்டுக்கிடை போடுறது, அதாவது ஆட்டு மந்தையை ராத்திரி நிலத்துல அடைச்சு வைக்கிறது, கண்மாய் வண்டலை அள்ளி நிலத்துல கொட்டுறது. கரிசலுக்கு வண்டல் மக்கைக் கொண்டு வருது, செவலுக்குக் களியையும் சேத்துக் கொண்டு வருது, அந்தக் களி தான் மக்கைப் பிடிச்சு வைக்கும், இல்லைன்னா செவல்ல போட்ட எரு சீக்கிரம் கரைஞ்சிடும். நான் மன்றாடிக் கேக்குறது பருத்திமாரை, அதாவது பருத்தி எடுத்து முடிஞ்ச செடித்தட்டையை, நிலத்துல போட்டு கொளுத்தாதீங்கன்னு. அடுப்புக்கு எடுத்தா புரியுது, வீட்டுல தேவை இருக்கும். சும்மா கொளுத்துனா மண்ணுல இருக்குற உசுருங்களுக்கு அந்த வருஷம் போக வேண்டிய சோறு அப்படியே போயிடுது.

இப்போ பாக்கி நிக்கிற கேள்வி ஆழத்துல. பருத்தி, துவரை வேரெல்லாம் கீழ இறங்குது, கோடையில மேல் மண்ணும் வெடிப்பு வழியா உள்ள விழுது, நாம மட்டும் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துட்டு முழு நிலத்துக்கும் தீர்ப்பு எழுதுறோம். அண்ணாச்சி அவரு நிலத்துல கிடை போட்ட துண்டுலயும் போடாத துண்டுலயும் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட சம்மதிச்சிருக்காரு. ஆவணிக்குள்ள ரெண்டையும் முடிக்கணும், அதுக்கப்புறம் விதைப்புக்கு நிலத்தைத் தயார் பண்ண ஆரம்பிச்சிடுவாரு, ஐப்பசி மழை இறங்கிட்டா கரிசல்ல காலே வைக்க முடியாது.