கட்டையை அறுக்கும் முன் அளவை எழுதி வாங்குங்கள்: இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ரப்பர் பேட் மாற்றிய அனுபவம்

துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் இருக்கும் ரப்பர் பேடை மாற்றுவதென்றால் இரண்டு திருகாணிகளைக் கழற்றிவிட்டு வேறு இரண்டைப் பூட்டுகிற வேலைதான் என்று பலரும் சொல்வார்கள். பேட் புதிதாகி, தோளில் விழும் உதை குறைந்து, நிம்மதியாகச் சுடுகிறேன் என்பது உண்மை. ஆனால் அந்த நிம்மதிக்கு முன்னால் நான் பட்ட பாடும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கீறல் விழாமல் இருந்த வால்நட் கட்டையில் என் சம்மதம் இல்லாமல் விழுந்த ரம்பமும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே வேலையில் இறங்க நினைக்கும் உரிமதாரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு இறங்கினால் போதும்.

என்னுடையது 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல், பழைய பெல்ஜியத் தயாரிப்பு, அப்பாவுக்குப் பின் முறைப்படி என் உரிமத்தில் ஏறியது. கிளப்பில், காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடுவதற்கு மட்டுமே எடுக்கிறேன். அதன் சிவப்பு ரப்பர் பேட் முன்பே சற்று இறுகியிருந்தாலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் வழக்கம்போல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்து, நடத்தை விதிகள் விலக்கப்பட்ட பிறகு திரும்பப் பெறச் சென்றபோது, கத்திரி வெயில் முழுவதையும் அது சிமெண்ட் தரையில் பேட் அழுந்த நின்றே கழித்திருந்தது தெரிந்தது. கடல் காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் யாரோ எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் வழிந்து கட்டையின் அடியில் தேங்கி ரப்பருக்குள் இறங்கியிருந்தது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, குழைந்து, பிசுபிசுத்துவிடும். கட்டை விரலால் அழுத்தினேன். ரேகை அப்படியே பதிந்து நின்றது. கையில் ஒட்டிய சிவப்புக் கறை சோப்புப் போட்டும் லேசில் போகவில்லை.

இதை ரசீதில் குறித்துத் தரும்படி கேட்டபோது ரைட்டர், "ரப்பர்னா நாளாக நாளாக அப்படித்தான் ஆகும் சார், இதையெல்லாம் எழுத முடியாது" என்று முடித்துவிட்டார். ஒப்படைத்தபோது கொடுத்த ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் வகையும் மட்டுமே இருந்ததால் மேற்கொண்டு பேச வழியில்லை. அடுத்த முறை ஒப்படைப்பவர்கள் கட்டை, பேட், குழல் ஆகியவற்றின் நிலையைத் தேதி தெரியும்படி படம் எடுத்துவைத்துக்கொண்டு, "கட்டையும் ரப்பர் பேடும் நல்ல நிலையில் பெறப்பட்டன" என்ற ஒரு வரியை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும்போது கேட்டால் எழுதிவிடுகிறார்கள். திரும்பப் பெறும்போது கேட்டால் எழுதுவதில்லை. உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்க அந்த முறை வெளியாகும் ஆணை இடம் கொடுக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். கட்டணம் வாங்கினாலும் கடைக்காரருக்குத் துப்பாக்கியை எப்படி நிறுத்துவது என்று தெரிந்திருக்கும்.

புது பேடுக்காக முதலில் இணையத்தில் தேடினேன். உறைபோலக் கட்டையின் மேல் மாட்டிக்கொள்ளும் வகைதான் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. 12 போருக்குப் பொருந்தும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினால், வந்தது ஏர் ரைஃபிள் அளவு. திரும்ப எடுத்துக்கொள்ளவும் விற்பனையாளர் மறுத்துவிட்டார். சரியான அளவில் கிடைத்தாலும் அந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கிற நீளத்தோடு இன்னும் கொஞ்சம் கூடிவிடுவதால் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைக்கும்போது அக்குளில் சட்டையைப் பிடித்து இழுக்கும்; இரண்டு தோட்டா சுட்டதும் இடம் நகரும்.

பின்பு நண்பர் ஒருவர், புதுச்சேரியில் இந்த வேலையில் கைதேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார், அரை மணி நேரப் பயணம்தானே என்றார். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி அடுத்த தெரு மாதிரி. ஆல்பேட்டையைத் தாண்டினால் முள்ளோடை வந்துவிடும். காய்கறி வாங்கவும் மருத்துவமனைக்கும் தினமும் போய் வருகிற பாதையில் எல்லை என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. ஆனால் என் உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி "தமிழ்நாடு" என்றுதான் இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். துப்பாக்கியோடு முள்ளோடையைத் தாண்டிய நொடியிலேயே நான் உரிமம் இல்லாத பகுதியில் ஆயுதம் வைத்திருப்பவன் ஆகிவிடுவேன். பேட் மாற்றப் போனேன் என்ற காரணம் சோதனைச் சாவடியில் செல்லாது. இதே காரணத்தால் சென்னைக்குத் துப்பாக்கி கொண்டுபோகும்போதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகக் கூடாது. அது புதுச்சேரிக்குள் புகுந்துதான் போகிறது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றிப் போவதே சரி. கார் ஓட்டுகிறவர் வேறு யாராவது என்றால், கைபேசி காட்டுகிற வழியைப் பார்த்துக் கடற்கரைச் சாலையில் திருப்பிவிடாதபடி புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தெரிந்த ஆசாரியிடம் கட்டையைக் கொடுத்து வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உதிரி பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகின்றன. எனவே உரிமம் உள்ள கடைக்கே போவதென்று முடிவு செய்து, சென்னையில் ஒரு கடையில் ஓர் அங்குலப் பருமனுள்ள புது ரப்பர் பேடும் வாங்கி, வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தேன். உரிமத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, ரசீது கொடுத்ததுவரை ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது அளவில். விரலால் இழுக்கும் விசையிலிருந்து கட்டையின் பின்முகத்து நடுப்பகுதி வரை உள்ள நீளம்தான் துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை முடிவு செய்கிறது. பழைய அரை அங்குல பேடோடு என்னுடையது பதினாலேகால் அங்குலம். என் கை நீளத்துக்குப் பதினாலு போதும். பழைய பேடைக் கழித்தால் மரம் மட்டும் பதின்மூன்றே முக்கால். புது பேட் ஓர் அங்குலம். ஆகவே மரத்தில் முக்கால் அங்குலம் மட்டும் எடுக்க வேண்டும். இதைத் தாளில் எழுதிக் கொடுத்து, அறுக்கும்போது பின்முகத்தின் சாய்வு மாறக் கூடாது என்றும் சொன்னேன். மேசையில் இருந்தவர் தலையசைத்து வாங்கிவைத்துக்கொண்டார். அந்தத் தாள் உள்ளே வேலை செய்தவரிடம் போகவே இல்லை. அவர் வழக்கப்படி, பேட் எவ்வளவு பருமனோ அவ்வளவு மரத்தை, குழலுக்குச் செங்குத்தாக, ஒரே அறுப்பில் எடுத்துவிட்டார்.

திரும்ப எடுக்கச் சென்றபோது பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. தோளில் வைத்த உடனே கீழ்முனை மட்டும் மார்பில் குத்தியது. நான் அளவுகோலை எடுத்ததும் அறுத்தவர், "ஒரு இஞ்ச் பேடுக்கு ஒரு இஞ்ச் எடுக்கிறதுதான் சார் முறை. எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்" என்றார். பழைய பேடின் அரை அங்குலத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மரத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சாய்வை அளந்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். குழலில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, பின்முகம் முழுதும் தரையில் படியும்படி துப்பாக்கியைச் சுவரோரம் நிறுத்தி, குழலின் அடிப்பகுதி மேல்புறம் சுவரைத் தொடும்வரை தள்ள வேண்டும். அப்போது குழல் வாய்க்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதே சாய்வின் அளவு. கடைக்குப் போகும் முன் நான் அளந்து குறித்துவைத்திருந்தது ஒன்றே முக்கால் அங்குலம். இப்போது அரை அங்குலம்தான் இருந்தது. சாய்வு குறைந்தால் கட்டையின் கீழ்முனை நீண்டு நின்று, உதை முழுவதையும் ஒரே புள்ளியில் மார்பில் இறக்கும். பேட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பயனில்லை.

பேட் செய்கிற வேலையைக் கொஞ்சம் விளக்கினால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். 32 கிராம் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) உள்ள தோட்டாவைச் சுடும்போது, சுமார் மூன்றேகால் கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு நாலு முதல் ஐந்து மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகிறது. அந்த உந்தத்தை எந்த ரப்பராலும் குறைக்க முடியாது. ரப்பர் அமுங்குவதால், நம் தோள் அதைத் தாங்கி நிறுத்தும் நேரம் சற்று நீள்கிறது. உதையின் தாக்கம் பரந்த இடத்தில் பரவுகிறது. பின்முகம் முழுதும் தோளில் படிந்தால்தான் இந்த இரண்டும் நடக்கும். உதையையே குறைக்க வேண்டும் என்றால் தோட்டாவை மாற்றுவதுதான் வழி. சர்வதேசப் போட்டிகளில் ட்ராப் என்ற களிமண் தட்டுப் பிரிவுக்கு 24 கிராம் ரவைதான். என்னுடையதுபோலப் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டா மாற்றும் முன், குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று குழலில் உள்ள முத்திரையைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

போன மரத்துக்கும் போன சாய்வுக்கும் ஒரே பரிகாரம், மரத்துக்கும் பேடுக்கும் இடையே ஓர் ஆப்பு வைப்பதுதான். நடுவில் கால் அங்குலம் கூட வேண்டும். மேல்முனை தடித்தும் கீழ்முனை மெலிந்தும் இருக்க வேண்டும். கணக்குப் போட்டதில் மேலே பத்து மில்லிமீட்டர், கீழே மூன்று என்று வந்தது. துப்பாக்கியை எங்கும் கொண்டுபோகாமல், கட்டையின் பின்முகத்தைத் தாளில் வரைந்து வெட்டியெடுத்து, மஞ்சக்குப்பத்தில் மின் பலகை செய்கிற பட்டறை ஒன்றில் கொடுத்தேன். அவர்கள் மீட்டர் பலகைக்குப் பயன்படுத்தும் கறுப்பு ஹைலம் ஷீட்டில், நான் கேட்ட சரிவோடு அதைத் தேய்த்துக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் தானாகவே வெர்னியரை எடுத்து இரண்டு முனையையும் எனக்கு அளந்து காட்டினார். சென்னைக் கடையில் இந்த அக்கறையில் பாதி இருந்திருந்தால் ஹைலமே தேவைப்பட்டிருக்காது.

பூட்டும் வேலையை வீட்டிலேயே செய்தேன். அறுபட்ட மர முகத்தைக் கடையில் பச்சையாகவே விட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் ஈரம் அந்த முகம் வழியாகத்தான் உள்ளே ஏறி மரத்தைப் பிளக்கும். எனவே ஆப்பு வைக்கும் முன் அந்த முகத்துக்கு மெல்லிய பாலிஷ் பல பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். கடையில் போட்ட துளைகள் தளர்ந்திருந்ததால் மரக்குச்சியில் அரால்டைட் தடவி அடைத்து, மறுநாள் புதிதாகத் துளையிட்டேன். இரும்புத் திருகாணி வேண்டவே வேண்டாம். இந்தக் கடற்கரையில் பித்தளைதான் நிலைக்கும். ஆப்பின் பருமனுக்கு ஏற்ப நீளமும் கூட வேண்டும். பேடின் முகத்தில் திருகாணி இறங்கும் கீறல் சிறியது. திருப்புளியில் சோப்புத் தடவி இறக்கினால் ரப்பர் கிழியாது. ஓரம் சமமாகத் தேய்க்கும்போது மரத்தின் மேல் மறைப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, உப்புத்தாளைக் கட்டையின் சரிவிலேயே ஓட்ட வேண்டும். கடைக்காரர்கள் டேப் ஒட்டாததால் விழுந்த கோடுகள் என் கட்டையின் இடது பக்கத்தில் இன்னும் இருக்கின்றன.

எல்லாம் முடிந்து சுவரோரம் நிறுத்தி அளந்தபோது இடைவெளி ஒன்றே முக்கால் அங்குலத்தில் வந்து நின்றது. நீளம் சரியாகப் பதினாலு. அந்த அளவைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுத்து ரேஞ்சுக்குப் போனபோது இருபத்தைந்து தட்டுகள் கொண்ட சுற்றை முடித்த பின்பும் தோளில் சிவப்பு இல்லை. முன்பெல்லாம் பாதிச் சுற்றிலேயே அடுத்த உதையை எதிர்பார்த்துக் கண் தானாக மூடிக்கொள்ளும், அதுவும் நின்றுவிட்டது.

கடையில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், மூன்று எண்களை வேலைச் சீட்டிலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள்: பேடோடு சேர்ந்த முழு நீளம், அறுக்க வேண்டிய மரத்தின் அளவு, சுவரோரம் அளந்த சாய்வு. முடிந்தால் ரம்பம் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்; வெளியே உட்காரச் சொன்னால் வேறு கடை பாருங்கள். புது பேட் பூட்டிய முதல் சுற்றுக்குப் பிறகு திருகாணிகளை ஒருமுறை இறுக்குங்கள், ரப்பர் சற்றுப் படிந்திருக்கும். துப்பாக்கியைப் பெட்டியில் படுக்கவைப்பதே நல்லது; நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் குழல் வாய் கீழே வரும்படி துணியின் மேல் நிறுத்துங்கள், எண்ணெய் கட்டைப் பக்கம் இறங்காது.