புதிய கேஜன் வண்டியா? கம்போவிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் தெற்கு லூசியானாவைச் சேர்ந்த கேஜன் சமையலை விற்கும் உணவு வண்டி ஒன்று புதிதாக வந்து நின்றால், வரிசையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு காரம்?’ என்றுதான். அந்தக் கேள்வியால் சமையல்காரரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. மிளகாய்த்தூளைக் கொட்டிக் காரத்தை யாரும் ஏற்றிவிடலாம். பொறுமையாகச் சமைத்திருக்கிறாரா என்பதைக் காட்டிக்கொடுப்பது கம்போ என்னும் இறைச்சி அல்லது கடலுணவுக் குழம்பு. சிறிய கோப்பை ஒன்று வாங்குங்கள். மற்றதை அதைச் சுவைத்துவிட்டு முடிவு செய்யலாம்.

கம்போவுக்கு அடித்தளம் ‘ரூ’ எனப்படும் வறுத்த மாவுக் கலவை. மைதாவையும் எண்ணெயையும் சம அளவில் எடுத்து, மிதமான தீயில் கையெடுக்காமல் கிளற வேண்டும். கறுப்பு சாக்லேட் நிறம் வர முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். நிறம் வந்ததும் வெங்காயம் இரண்டு பங்கு, செலரி ஒரு பங்கு, குடமிளகாய் ஒரு பங்கு என்று நறுக்கியதை அதிலேயே கொட்டுவார்கள். காய்களின் ஈரம்தான் ரூ மேற்கொண்டு கருகாமல் பிடித்து நிறுத்துகிறது. ஒரு நிமிடம் அசந்தாலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். பிறகு எத்தனை லிட்டர் சாறு ஊற்றினாலும் கசப்பு போகாது, கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். கோப்பையின் முதல் வாயிலேயே நாக்கின் பின்புறம் கசந்தால், அதைக் கொட்ட மனமில்லாத ஒருவர் சமைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ரூ கறுக்கக் கறுக்க மாவிலுள்ள ஸ்டார்ச் சிதைவதால், அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். ஆகவே நல்ல கறுப்புக் கம்போ ஓரளவு நீர்த்தேதான் இருக்கும். நிறம் கறுப்பு, பதம் களி என்றால் சந்தேகப்படலாம். மேலே எண்ணெய் தனியாக மிதந்தால் ரூ சரியாகக் கலக்கவில்லை, அல்லது கொழுப்பை வழித்தெடுக்கவில்லை. சாஸஃப்ராஸ் இலைப்பொடியான ஃபிலேயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தூவ வேண்டும். கொதியில் போட்டால் நூல் நூலாக இழுக்கும். சோறும் தனியாக இருந்து, கேட்கும்போதுதான் கோப்பையில் விழ வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்தால் ஊறிக் குழைந்துவிடும்.

கம்போவில் தக்காளி இருந்தால் தவறில்லை, ஆனால் அது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கிரியோல் சமையல் பாணி. 1755 முதல் பிரிட்டிஷார் இன்றைய கிழக்குக் கனடாவிலுள்ள அகேடியாவிலிருந்து விரட்டிய பிரெஞ்சு மக்களில் பலர் தெற்கு லூசியானாவில் வந்து குடியேறினார்கள்; அவர்களே கேஜன் மக்கள். அவர்களுடைய வழியில் வந்த கிராமத்துச் சமையலில் தக்காளிக்குப் பெரிய இடம் இல்லை. இறைச்சியோடு அரிசியை வேகவைக்கும் ஜம்பலாயாவிலும் இதே கதைதான். கேஜன் ஜம்பலாயாவின் பழுப்பு நிறம், பன்றியிறைச்சியையும் ஆண்டூயி சாசேஜையும் சட்டியின் அடியில் ஒட்டும்வரை வறுத்து, அந்த ஒட்டலைச் சாறு விட்டுக் கரைப்பதால் வருவது. அரிசி அதே சட்டியில், அதே சாற்றில் வேக வேண்டும். வெள்ளைச் சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தந்துவிட்டுப் பலகையில் ஜம்பலாயா என்று எழுதியிருந்தால், அடுத்த வண்டிக்குப் போய்விடலாம்.

எட்டூஃபே என்பது கிராஃபிஷ் என்னும் இறால் போன்ற நன்னீர் உயிரியைச் சேர்த்த கெட்டிக் குழம்பு; அதை வாங்குவதற்கு முன் கிராஃபிஷ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். லூசியானாவில் வசந்த காலமே அதற்கு உச்சப் பருவம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் உறைந்த வால் சதைதான். மஞ்சள் கொழுப்போடு அடைத்த உள்ளூர்ப் பொட்டலமா, கொழுப்பைக் கழுவி நீக்கிய இறக்குமதியா என்பதில்தான் ருசி மாறுகிறது. இறக்குமதி இறாலோ கிராஃபிஷோ பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. எனவே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மசாலா கறுக்கும்படி சுட்ட ‘பிளாக்கன்ட்’ மீன் பழங்காலப் பாட்டி சமையல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதைப் பிரபலமாக்கியவர் லூசியானாவின் ஓபலூசஸில் பிறந்த சமையல்காரர் பால் ப்ரூடோம், காலம் 1980-கள். அதற்குப் பிறகு, அவர் இப்படிச் சமைத்த ரெட்ஃபிஷ் மீனுக்கு ஏற்பட்ட கிராக்கியில், மீன்வளத்தைக் காப்பாற்ற அதன் வணிகப் பிடிப்பையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. மெல்லிய மீன் துண்டை வெண்ணெயில் தோய்த்து, மசாலாவில் புரட்டி, புகையும் சூட்டிலுள்ள வார்ப்பிரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைப்பதுதான் முறை. வண்டிக்குள் அவ்வளவு புகையைச் சமாளிப்பது கடினம். அதனால் பலர் தட்டைக் கல்லில் குறைந்த சூட்டில் போடுகிறார்கள். மீன் தண்ணீர் விட்டு வெந்து, மசாலா ஈரச் சேறாக ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வழியே வார்ப்பிரும்புச் சட்டி கண்ணில் பட்டால் மட்டும் வாங்குங்கள்.

பொரித்த இறாலை நீள ரொட்டிக்குள் வைத்த போபாய் சாண்ட்விச் என்றால் ரொட்டியை முதலில் கவனியுங்கள்: மேல்தோல் நொறுங்கி, உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். எண்ணெய் 175 முதல் 185 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் இறாலின் மேல்மாவு எண்ணெய் குடிக்காது. கூட்ட நேரத்தில் ஒரே கூடையில் அதிகம் போட்டால் சூடு இறங்கி, எல்லாம் சொதசொதவென்று வரும். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், ஆவியிலேயே மொறுமொறுப்பு போய்விடும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏற்றது பூடான். சோறு, பன்றியிறைச்சி, ஈரல், வெங்காயத்தாள் அடைத்த சாசேஜ் அது. ஆவியில் வெந்த அதன் தோல் ரப்பர் போலிருக்கும். ஒரு முனையைக் கடித்து, உள்ளிருப்பதை வாய்க்குள் பிதுக்கிவிட்டுத் தோலை எறிந்துவிடலாம்.