அத்தையோடு சேதுவுக்கு

என் மாமியார் நூறு நாள் வேலைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருந்த பணம் 4,600 ரூபாய். மாமா தவறி ஒரு வருஷம் முடிந்த கையோடு அந்த மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து, "ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போ கண்ணு. இதுக்குள்ளதான் செலவு பண்ணோணும்" என்றார். கார் பிடித்துப் போய்விட்டு வரலாம் என்று என் கணவர் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. "அவருக்குன்னு போறது, என் காசுல போவோணும்."

எங்கள் இருவருக்குமே ராமேஸ்வரம் புது ஊர். திருச்செங்கோட்டில் ராத்திரி பஸ் ஏறி, ஈரோட்டில் மாறி, விடியும் முன்னே மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கினோம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ரயில் நிலையம். ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸும் நிறைய இருக்கிறது. ஆனால் காலைப் பயணிகள் ரயிலுக்கு டிக்கெட் ரொம்பக் குறைவு, அதோடு பகல் வெளிச்சத்தில் பாம்பனைத் தாண்டலாம். அந்த ஒரு காட்சிக்காகவே ரயிலில் போகச் சொல்வேன்.

மண்டபம் தாண்டியதும் பெட்டியில் பேச்சு அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பச்சையும் நீலமுமாகக் கடல். 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று திறந்த புதுப் பாலம் இது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுமாம். பக்கத்திலேயே 1914-இல் கட்டிய பழைய பாலம், 1964 புயலையும் பார்த்துவிட்டு நின்றது. அத்தை பாலத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடியே, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

இறங்கிய பிறகுதான் சிக்கல். ஒரு மடத்தில் நான்கு நாள் முன்பே போனில் பேசி, ரூம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். நேரில் போனால் பெரிய கூட்டம் ஒன்று வந்துவிட்டது, இடமில்லை என்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத அத்தை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரில் டீக்கடை வைத்திருந்த அக்காதான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, "ஏன் கலங்குறீக? பின்னாடி தெருவுல கேளுங்க" என்று வழி காட்டினார். நானூறு ரூபாய்க்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. இரண்டு பாய், ஒரு ஃபேன், பொதுக் குழாயடி. போதும். இங்கே வருகிறவர்கள் அறையில் இருக்கப்போகும் நேரம் கொஞ்சம்தான்.

கோயில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தி மூன்று மணிக்குத்தான் திறக்கும். அதுவரை படுத்து எழுந்தோம். தீர்த்தமாடும் வரை சாப்பிட மாட்டேன் என்று அத்தை காலையில் குடித்த காபியோடு இருந்தார்.

கோயிலின் கிழக்கு வாசலுக்கு நேர் எதிரே கடல். அதுதான் அக்கினி தீர்த்தம். சீதையின் கற்பின் வெம்மை தாங்காமல் அக்கினி பகவானே வந்து மூழ்கித் தன்னைக் குளிர்வித்துக்கொண்ட இடம் என்பார்கள். கன்னியாகுமரி மாதிரி அலை அடிக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே கடல் ஏரி போலக் கிடக்கிறது. முட்டி வலிக்காரர்கள்கூட பயமில்லாமல் இறங்கலாம். ஒன்றே ஒன்று, கட்டிய பழைய துணியைக் கடலில் விட்டுவிட்டு வருவதை தயவுசெய்து நிறுத்த வேண்டும். அத்தையின் காலில் யாரோ விட்ட வேட்டி சுற்றி, அவர் விழப் பார்த்தார். தீர்த்தம் என்று நம்பித்தானே வருகிறோம்.

அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழக்கே பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்கு, இரண்டாம் முழுக்கு. மூன்றாவதுக்கு என் கையை விட்டுவிட்டார். முங்குவதற்கு முன், தண்ணீரைக் கையில் அள்ளி, மாமாவின் பெயரைச் சொன்னார்.

எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்தப் பெயர் அத்தை வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், என்னைத்தான் சொல்லச் சொல்வார். அன்றைக்குச் சத்தமாக, முழுப் பெயரையும், அவர் அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டு முங்கினார். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

ஈரத்துணியோடு கோயிலுக்குள் போனோம். உள்ளே 22 தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பம். பிறகு சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி மூன்றும் அடுத்தடுத்து. சேதுமாதவ தீர்த்தம் குளம். அப்புறம் கவாட்சன், கவயன், நளன், நீலன் என்று ராமனுக்காக உழைத்த வானரங்களின் பெயரில் தீர்த்தங்கள். சேதுவைக் கட்டியவர்களுக்கு ராஜாக்களுக்குச் சமமாக இடம் கொடுத்திருப்பதைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது.

கிணற்றுச் சுவரின் மேலேயே ஏறி நிற்கிறார்கள், தண்ணீர் இறைக்கும் ஆட்கள். கயிறு கட்டிய சின்ன வாளி. சர்ரென்று இறக்கி, ஒரே சுண்டில் இழுத்து, வரிசையில் நிற்பவர் தலையில் கொட்டிக்கொண்டே போகிறார்கள். கயிறு உள்ளங்கையில் ஓடி ஓடித் தோல் காய்த்துப் போயிருக்கிறது. கல்தரை முழுக்க வழுக்கல். மூன்றாவது கிணற்றிலேயே அத்தை தடுமாறினார்.

"ஏனுங்கத்தை, வலிக்குதுங்களா? கொஞ்சம் உக்காந்துக்கலாமுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நட."

ஒரு கிணற்றில் நின்ற இளைஞர் இதைப் பார்த்துவிட்டார். "ஆத்தா, நீங்க ஏற வேணாம், அங்கனயே நில்லுங்க" என்று சொல்லி, வாளியோடு சுவரிலிருந்து குதித்து இறங்கி வந்தார். மற்றவர்களுக்குக் கொட்டியது போல அவருக்குக் கொட்டவில்லை. இடது கையால் அத்தையின் நெற்றியில் அணை கொடுத்து, கண்ணில் படாமல், உச்சந்தலையிலிருந்து பின்பக்கமாக மெதுவாக ஊற்றினார், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல. நான் பத்து ரூபாய் நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிவிட்டார்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாசலில் உப்புக் கடல், உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை கிணறு, நாக்கில் பட்டால் நல்ல தண்ணீர்! ஒன்று வெதுவெதுப்பாக இருக்கிறது, அடுத்தது சில்லென்று இருக்கிறது. கங்கை, யமுனை, கயா என்று மூன்று கிணறு சேர்ந்தாற்போல் வந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். காசிக்குப் போகும் வசதி எங்களுக்கு இல்லை. கடைசி தீர்த்தம் கோடி தீர்த்தம். ராமன் வில்லின் நுனியை ஊன்றி வரவழைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோவதும் இதைத்தான். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டோம்.

ஈரத்தோடு சன்னிதிக்குப் போகக்கூடாது. புடவை மாற்றிக்கொண்டு, திருநீறு பூசி, வரிசையில் நின்றோம். கூட்டம் நகர ஒரு மணி நேரம் ஆனது. நின்றபடி அத்தைக்குக் கதையைச் சொன்னேன், அவருக்குத் தெரிந்த கதைதான். ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் சிவபூஜை செய்ய நினைத்து, கயிலாயத்துக்கு அனுமனை அனுப்புகிறான். முகூர்த்தம் நெருங்கியும் அனுமன் வரவில்லை. சீதை கரையில் கிடந்த மணலைக் கூட்டி லிங்கம் பிடித்து வைத்துவிடுகிறாள். அதுதான் ராமலிங்கம். பிறகு வந்த அனுமன் வாலால் சுற்றி இழுத்தும் அது அசையவில்லை. அவன் மனம் நோகாதபடி, அவன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமன் சொல்ல, இன்றும் அந்த முறைதான் நடக்கிறது.

"கையில இருந்தத வெச்சுக் கும்புட்டிருக்கா பாரு" என்றார் அத்தை. மஞ்சள் பை அவர் இடுப்பில் செருகியிருந்தது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், பன்னிரு ஜோதிர்லிங்கத்தில் ஒன்று என்றெல்லாம் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு, சன்னிதி முன்னால் நின்ற அந்த அரை நிமிஷத்தில் அத்தை சொன்னது மட்டும்தான் மனசில் இருந்தது. தீபாராதனை வெளிச்சம், நாகாபரணம், வில்வம். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். போதுமா என்று கேட்டால், போதும்.

பர்வதவர்த்தினி அம்மனைப் பார்த்துவிட்டு மூன்றாம் பிரகாரத்துக்கு வந்தோம். சேதுபதி மன்னர்கள் கட்டியது, 1212 தூண்கள், சுற்றிவந்தால் 3850 அடி. போட்டோவில் பார்ப்பது வேறு, முட்டி வலியோடு ஒரு பெரியவரைக் கைபிடித்து நடத்திப் போகும்போது பார்ப்பது வேறு. தூண் தூணாக நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தோம். அவசரப்படுத்த அங்கே யாருமில்லை.

ராத்திரி கோயில் அன்னதானக் கூடத்தில் சாப்பிட்டோம். அந்த நாளின் முதல் சாப்பாட்டை அத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வெளியே வந்ததும், கடற்கரைக்கு இன்னொரு தடவை போகலாம் என்றார். இருட்டில் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். சேது மணலைக் கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதுதான் முறை.

"காசிக்கு எங்க போறது கண்ணு? நம்ம பவானி கூடுதுறையில விட்டுக்கலாம். அவரு வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்குக் குளிச்ச எடம்."

அறைக்கு வந்து ஈரப் புடவைகளை ஜன்னல் கம்பியில் கட்டிப் பரப்பினேன். நாளைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் தனுஷ்கோடி பஸ். செல்போனில் நாலு மணிக்கு அலாரம் வைத்துத் திரும்பினால், அத்தை கோடி தீர்த்த பாட்டிலைத் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருந்தார்.