வயா டெஸ்ட் எடுத்தாச்சு, அப்புறம்?

கேன்சர் திட்டம்னு பேப்பர்ல நியூஸ் வந்தாலே ஒரு புது மெஷின், ரிப்பன் வெட்டற போட்டோ, இத்தனை லட்சம் பேருக்கு பரிசோதனை பண்ணிட்டோம்னு ஒரு நம்பர், அவ்ளோதான். அந்த நம்பரை நான் சந்தேகப்படல, அதுக்கு அடுத்த நம்பரை யாருமே போட மாட்டேங்கறாங்களேன்னுதான் கடுப்பா இருக்கு.

கர்ப்பப்பை வாய் புற்றுநோயையே எடுத்துக்கங்க. இதுக்கு மெஷினே வேணாம். வினிகர்ல இருக்கே அதே அசிட்டிக் ஆசிட், அதை நல்லா தண்ணியாக்கி பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல வச்சு ஒரு நிமிஷம் கழிச்சு பாத்தா, கோளாறு இருக்கற இடம் வெள்ளையா தெரியும். வயா டெஸ்ட்னு சொல்லுவாங்க. இது உசுரை காப்பாத்தும்னு உலகத்துக்கே நிரூபிச்சு காட்டுனது நம்ம திண்டுக்கல் மாவட்டத்து கிராமத்து பொம்பளைங்கதான். 2000ல ஆரம்பிச்சாங்க, ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கைல இருக்கற ஒரு ஆஸ்பத்திரியும் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேந்து, 30லேந்து 59 வயசு வரைக்கும் உள்ளவங்களை வச்சு. 2007ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ரிசல்ட் வந்துச்சு, டெஸ்ட் பண்ண ஊர்கள்ல நோய் 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. டெஸ்ட் பண்ணதும் பெரிய டாக்டர் இல்ல, ட்ரெயினிங் எடுத்த நர்ஸுங்க.

ஆனா அந்த ஆய்வுல இன்னொண்ணு இருக்கு, நம்ம ஆளுங்க அதை வசதியா விட்டுட்டாங்க. அங்க வெள்ளையா தெரிஞ்சா அன்னிக்கே கோல்போஸ்கோபி, அதாவது லென்ஸ் வச்சு பெருசாக்கிப் பாக்கற டெஸ்ட் பண்ணி, தேவைப்பட்டா பயாப்சிக்கு சின்ன சதைத் துணுக்கும் எடுத்து, சின்ன கோளாறா இருந்தா அந்த இடத்தை குளிர வச்சு அழிக்கற சிகிச்சையையும் அதே நர்ஸு அப்பவே முடிச்சு அனுப்பிருக்காங்க. நம்ம திட்டத்துல டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துல, மத்ததுக்கெல்லாம் ஒரு சீட்டு எழுதி பெரியாஸ்பத்திரிக்கு போங்கன்னுடறாங்க.

எங்க அண்ணி சுகர் மாத்திரை வாங்கப் போன எடத்துல நர்ஸம்மா "அக்கா, வயா எடுத்தாச்சா?"ன்னு கேட்டு அப்பவே பாத்துட்டாங்க. ரூமுக்கு தாழ்ப்பாள் கெடையாது, ஒரு பச்சைத் துணி ஸ்கிரீன், அந்தப் பக்கம் மாத்திரை க்யூல நம்ம தெரு ஆம்பளைங்க. அண்ணி பல்லைக் கடிச்சுட்டு படுத்துட்டாங்க, எத்தனை பேரு படுப்பாங்க? பாசிட்டிவ்னு சீட்டு குடுத்தாங்க, போனா "அந்த டாக்டர் இன்னிக்கு இல்ல, வியாழக்கிழமை வாங்க". வியாழக்கிழமை போயி பயாப்சி, அதோட ரிசல்ட்டுக்கு இன்னொரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு வேற. கேன்சர் இல்லன்னு வந்துச்சு, வயா பாசிட்டிவ்னா நிறைய பேருக்கு அப்படித்தான் வரும், அதை யாராவது முன்னாடியே சொல்லிருந்தா அந்தம்மா நடுவுல தூங்கிருப்பாங்க. வண்டில கூட்டிட்டுப் போக வீட்ல ஆள் இல்லாதவங்க அந்த சீட்டை அரிசி டப்பா அடில வச்சுட்டு விட்டுடுவாங்க, அவங்களும் "பரிசோதனை செய்யப்பட்டோர்" கணக்குலதான் வருவாங்க!

நம்ம ஸ்டேட் மோசம்னு சொல்ல வரல. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 30லேந்து 49 வயசுக்குள்ள கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு டெஸ்ட் எடுத்தவங்க இந்தியா முழுக்க 1.9 சதவீதம், தமிழ்நாட்டுல 9.8. முதலிடம்தான், ஆனா பத்துல ஒம்போது பேரு எடுக்கவே இல்லயே. இப்ப உலக சுகாதார நிறுவனம் இந்த கேன்சரை உண்டாக்கற ஹெச்பிவி வைரஸ் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்டைத்தான் முதல்ல பண்ணச் சொல்லுது, அதுக்கு சாம்பிளை பொம்பளைங்களே மறைவுல எடுத்துக்கலாம், தாழ்ப்பாள் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. அதுக்கும் ஆதாரம் பக்கத்துலதான், மகாராஷ்டிரா உஸ்மானாபாத்ல ஒரே ஒரு தடவை அந்த டெஸ்ட் எடுத்த ஊர்கள்ல சாவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுதுன்னு 2009லயே வந்துச்சு.

2025 தமிழ்நாடு பட்ஜெட்ல 14 வயசு பொண்ணுங்களுக்கு ஹெச்பிவி தடுப்பூசிக்கு 36 கோடின்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், சந்தோஷம். ஆனா அந்தப் பொண்ணுங்களோட அம்மாங்களுக்கு தடுப்பூசி வயசு தாண்டிருச்சு, அவங்களுக்கு இருக்கறது டெஸ்ட் மட்டும்தான். அதனால அடுத்த தடவை லட்சக் கணக்கு சொல்ற மந்திரிகிட்ட மைக் நீட்டறவங்க, பாசிட்டிவ் வந்தவங்க எத்தனை பேரு, அதுல சிகிச்சை முடிச்சவங்க எத்தனை பேருன்னு மாவட்ட வாரியா கேளுங்கப்பா.