ஓர் இரவில் 44 மில்லிமீட்டர்

மூன்று வாரமாகக் காலையில் கார் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. 2012இல் தயாரான ஜெர்மன் சொகுசு செடான்; இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. நான்கு சக்கரத்திலும் சுருள்வில் கிடையாது. ரப்பர் பையில் அடைத்த காற்றுதான் வண்டியைச் சுமக்கிறது; ஏர் சஸ்பென்ஷன் என்பார்கள். எஞ்சினைக் கிளப்பினால் கீழே எங்கோ கம்ப்ரஸர் ரீங்கரிக்கும், ஒரு நிமிடத்தில் வண்டி எழுந்துவிடும். எழுகிறதே, அப்புறம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

நான்காம் வாரம் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பணிமனையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போய்விட்டது சார், இடது முன் ஸ்ட்ரட்டும் மாற்ற வேண்டும்" என்றார்கள். ஸ்ட்ரட் என்றால் காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண். அவர்கள் சொன்ன தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய சின்னக் காரே வாங்கிவிடலாம். திரையில் இருந்த பிழைக் குறியீட்டைக் காட்டச் சொன்னேன். கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடி, சூடேறி, தானே நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஓடிக் களைத்தவனை நோயாளி என்று எழுதிவிட்டார்கள். அவனை அப்படி ஓடவைத்தது எது என்று யாரும் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் வேலை, அளவு எடுப்பது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்காடு விளிம்புவரை நான்கு மூலையிலும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதினேன். ஓட்டிவந்தவுடன் அளக்கக் கூடாது. சூடான காற்று குளிரும்போது சுருங்கும், கசிவே இல்லாமல் சில மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை அளந்தேன். முதல் இரவில் இறங்கிய கணக்கு: இடது முன் 38 மில்லிமீட்டர், வலது முன் 41. பின்பக்கம் இரண்டும் பத்துக்குள்.

இங்கேதான் முதல் குட்டு. கண்ணுக்கு இடதுபக்கம்தான் தாழ்ந்து தெரிந்தது. காரணம் கார் அல்ல, எங்கள் அடுக்ககத்தின் தரை. தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிவு கொடுத்திருக்கிறார்கள். கண்ணை நம்பியிருந்தால் இடது ஸ்ட்ரட்டுக்குப் பணம் கட்டியிருப்பேன்.

சரி, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்குகிறதே, இரண்டு பையும் ஒரே நேரத்தில் கெட்டுவிடுமா? கையேட்டைப் புரட்டியபோது விடை கிடைத்தது. வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் இதன் கணினி சில மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து மட்டம் பார்க்கிறது. ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்றை விட்டு அதன் ஜோடி மூலையை ஏறக்குறைய அதற்குச் சமமாக்கி, மற்ற மூலைகளையும் சற்று இறக்கிவிடுகிறது. குற்றவாளியைச் சுற்றி மற்றவர்களையும் குனியவைக்கும் ஏற்பாடு. இதை நிறுத்த எளிய வழி, சஸ்பென்ஷன் கணினிக்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவது.

இரண்டாம் இரவு ஃப்யூஸ் இல்லாமல் நிறுத்தினேன். காலையில் இடது முன் 2, வலது முன் 44. பின்பக்கம் அசையவே இல்லை. கையில் டேப்போடு தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னைக் காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்து சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பீச்சும் பாட்டிலில் ஊற்றி, வலது முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவைத்து உள்ளே பீச்சினேன். எங்கும் நுரை. எது கசிவின் குமிழி, எது பீச்சிய குமிழி என்றே தெரியவில்லை. மாடிவீட்டுப் பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இறங்கிவந்தார். அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏர் சஸ்பென்ஷன் பேருந்துகளில் கை பழகியவர். அவற்றில் கணினி கிடையாது. அச்சோடு இணைந்த ஒரு நெம்புகோல்தான் வால்வைத் திறந்து மூடி மட்டத்தைக் காக்கும். ஆனால் கசிவு எல்லா வண்டிக்கும் பொதுதானே.

"தம்பி, முதலில் தலையை வெளியே எடுங்கள். காற்றை நம்பியா உள்ளே படுத்திருக்கிறீர்கள்?" என்றார். நான் ஸ்டாண்ட் வைக்கவே இல்லை. பை சட்டென்று இறங்கினால் டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் இருக்கும் கை நசுங்கிப்போகும். பேசாமல் எழுந்துபோய் இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்துவந்து பாடிக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.

பிறகு அவர் காட்டிய முறை: பீச்சக் கூடாது. பெயின்ட் பிரஷ்ஷால் கெட்டியான சோப்புக் கரைசலை நுரை எழாமல் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரப்பர் மடிப்பிலும் கீழ்ப் பட்டையிலும் தடவினோம். ஒன்றும் இல்லை. போனட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில், காற்றுக்குழாய் வந்து சேரும் பித்தளை இணைப்பில் தடவினோம். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் தவளை முட்டை போலப் பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. துடைத்துவிட்டு மறுபடி தடவினோம். அதே ஓரம், அதே குமிழி.

வண்டியை ஸ்டாண்டில் தாங்கவைத்து, நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக் காற்றை மெல்ல வடியவிட்டுக் கழற்றினேன். பேனா ரீஃபிலைவிடச் சற்றே தடித்த நைலான் குழாய். அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், வலது ஸ்ட்ரட் இடதைவிடப் புதியது. முந்தைய உரிமையாளர் காலத்தில் மாற்றியவர்கள் கையில் கிடைத்த எதாலோ குழாயை நறுக்கியிருக்கிறார்கள். புதியது என்பதாலேயே அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிய பிளேடால் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டரை நேராக வெட்டி, புதிய இணைப்பை மாட்டினேன். செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவு.

திரும்ப இறக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. காலியான பையின்மேல் வண்டியின் பாரத்தை இறக்கினால் ரப்பர் தாறுமாறாக மடிந்து கிழியும். சக்கரம் தொங்கும் நிலையில் எஞ்சினைக் கிளப்பினாலும் பயனில்லை. உயர சென்சாரைப் பார்த்து, வண்டி ஏற்கெனவே மிக உயரத்தில் இருப்பதாகக் கணினி முடிவு செய்துவிடும். நண்பரிடம் இரவல் வாங்கிய ஸ்கேனர் வழியாக வலது முன் பைக்கு மட்டும் காற்று நிரப்பச் சொல்லி, அதன் பிறகே ஸ்டாண்டை எடுத்தேன். எஞ்சின் பிழையை மட்டும் படிக்கும் சிறிய ஓபிடி கருவியால் இது ஆகாது.

மூன்று வார அலட்சியத்துக்கு வருகிறேன். கம்ப்ரஸர் சென்னைக் காற்றை உறிஞ்சும்போது ஈரமும் சேர்ந்து வருகிறது. அதை வடிகட்ட உலர்த்தி ஒன்று உண்டு, உள்ளே சிலிக்கா மணிகள். வண்டி தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே மணிகள் வழியாகத் திரும்பிப்போய் ஈரத்தைச் சுமந்து செல்ல வேண்டும். காற்று இணைப்பில் கசிந்து போனால் மணிகளுக்கு வரவு மட்டும்தான், செலவு இல்லை. உலர்த்தியைத் திறந்தபோது பாதி மணிகள் பொடிந்து சேறாகியிருந்தன. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஈரம், நான்கு பைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்குள் போய் அரித்திருக்கும். மணிகளை மாற்றினேன். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயையும் மாற்றினேன், பழையதைப் பிரித்தபோது தொடுமுனைகள் கருகிக் குழிந்திருந்தன. அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரஸர்? 'போய்விட்ட' அதே கம்ப்ரஸர்தான் இன்றும் வண்டியைத் தூக்குகிறது.

பழுது பார்த்த பின் மூன்று இரவுகளின் கணக்கு, ஃப்யூஸ் இல்லாமல்: வலது முன் 2, 1, 2. இடது முன் 2, 3, 5. இடதின் ரப்பர் மடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. பணிமனைக்காரர்கள் இடது ஸ்ட்ரட் விஷயத்தில் முழுப் பொய் சொல்லவில்லை, ஆறு மாதம் முந்திவிட்டார்கள், அவ்வளவுதான். நான்காம் இரவுக்கு இப்போதுதான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். பத்து மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போக வேண்டும்.