ஒரு மில்லிமீட்டர்

அக்டோபர் 14, குன்னூர்
வலது நுரையீரல், மேல் மடலில் கட்டி, 17 மில்லிமீட்டர். ஜூலையில் 16. வளர்ந்திருக்கிறதா, அளந்தவர் கை மாறியதா என்று கேட்டேன். "ரெண்டுமே இருக்கலாம்மா" என்றார் டாக்டர். இதைக் கேட்கவா அத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கோவை போனேன்?

அக்டோபர் 15
ரோட்டிலிருந்து வீட்டுக்கு 62 படி. நிற்காமல் ஏறினேன்.

அக்டோபர் 20
பெட் ஸ்கேன். வெறும் வயிறு. ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைத்தார்கள். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையாம். எங்கே அதிகம் தின்கிறதோ அங்கே ஒளிரும். ஒளிர்ந்தது. ஆனால் நம் ஊரில் டிபி கட்டியும் இப்படித்தான் ஒளிருமாம்.

அப்பாவுக்கு டிபி இருந்தது. தேயிலை ஃபாக்டரியிலிருந்து இருமிக்கொண்டே வருவார். குளிருக்கு நான் அவர் கம்பளிக்குள்தான் தூங்குவேன். அப்போதே உள்ளே போய் இத்தனை வருஷம் சும்மா கிடந்திருக்கலாம் இல்லையா? சாயங்காலம் தந்தி மாரியம்மன் கோயிலில் நின்று, டிபியாகவே இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். அப்பா இருந்தால் அறைந்திருப்பார்.

அக்டோபர் 29
கட்டியில் ஊசி விட்டு எடுத்த பயாப்ஸி ரிசல்ட். புற்று செல் இல்லை. டிபி கிருமியும் இல்லை. "இல்லைன்னா இல்லைதானே சார்?" "ஊசி பட்ட இடத்துல இல்லை."

நவம்பர் 2
அண்ணன், மூன்று மாதம் பொறுத்து மறுபடி சிடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். மகள், உடனே ஆபரேஷன் என்கிறாள். டிபி மாத்திரையாவது தொடங்கலாமே என்றேன். நிரூபிக்காமல் தொடங்கினால் நாள்தான் போகும் என்கிறார் சர்ஜன்.

அவர் சொல்வது இது. சின்னத் துளை போட்டு கட்டி இருக்கும் துண்டை மட்டும் வெட்டி, நான் மயக்கத்தில் இருக்கும்போதே லேபுக்கு அனுப்புவார்கள். அரை மணி நேரம் போல ஆகும். டிபி என்றால் தைத்துவிடுவார்கள். புற்று என்றால் மேல் மடல் முழுவதும் போகும். ஆக, என்னில் எவ்வளவு மிச்சம் என்று விழித்த பிறகு யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் டீ குடிப்பார்களா?

மூச்சு டெஸ்ட் நன்றாக வந்தது. "எத்தனை மாடி ஏறுவீங்க?" என்றார். எங்க ஊரில் மாடி எதுக்கு சார்.

நவம்பர் 5
கோவை இறங்கும் வழியில், பர்லியாரில் மண் சரிவு. மலை ரயிலும் ரத்து. இன்றைய அப்பாயின்ட்மென்ட் போச்சு. நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பர் 6
கோத்தகிரி வழியாகப் போகலாமே என்கிறாள் மகள். போகலாம்தான்.

நவம்பர் 9
40ஆவது படியில் நின்றுவிட்டேன். மூச்சா, பயமா? ஆக்சிமீட்டர் 95. நேற்றும் 95தான்.

நவம்பர் 12
அண்ணன் போன். எடுக்கவில்லை. படிவத்தில் 'தேவைப்பட்டால் மடல் முழுவதும்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாயிற்று.

நவம்பர் 13
பையோடு இறங்கும்போது எண்ணினேன். 61 வந்தது. திரும்ப ஏறி எண்ண நேரமில்லை, கார் நிற்கிறது.