எழுபது வளைவுகளும் ஒரு துண்டு இஞ்சியும்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்து ஏறினால் காரவள்ளியில் அடிவாரம் வரும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் மாதம், இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள் எனக்கு வாயில் நீர் ஊறத் தொடங்கிவிடும். நடத்துநரே ஜன்னலோர இருக்கையை எனக்காகக் கேட்டு வாங்கித் தருவார். முதல் பாடவேளை முழுவதும் தலை சுற்றலோடு மேசையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திய நாட்கள் உண்டு.

என் மாமியார்தான் அதற்கு வழி செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து கால் கிலோ இஞ்சி வாங்கிவந்தார். நார் முற்றாதது, ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் பதம். கழுவிவிட்டுக் கரண்டிக் காம்பால் தோலைச் சுரண்டினார். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்கள். அதனால் மண் ஒட்டிய கணுக்களைக்கூட விடவில்லை. மெல்லிய வில்லைகளாகச் சீவி, கல்லுப்பைப் பொடித்துத் தூவி, இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து பீங்கான் ஜாடியில் ஊறவைத்தார். காலையில் பார்த்தால், இளசாக இருந்த நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. இளம் இஞ்சியின் நிறமியில் அமிலம் பட்டால் அப்படித்தான் சிவக்கும். பகலில் மொட்டைமாடியில் வெள்ளைத் துணிமேல் வெயில்; மாலையில் மறுபடி அதே சாற்றில். சாறு முழுவதும் இழுத்துக்கொள்ளும் வரை இப்படியே. நான்காம் நாள் வில்லைகள் சுருங்கி, உப்புப் பூத்து, டப்பாவில் சலசலத்தன.

“பேருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஒன்றை வாயில் அடக்கிக்கொள் அம்மா. குமட்டல் வந்த பிறகு போட்டால் கேட்காது” என்றார் அத்தை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாவது வாரம் நாற்பதாவது வளைவு வரை தாங்கியது. ஒரு மாதத்தில் மலைமேல் இருக்கும் செம்மேடு வரை நிம்மதியாகப் போய் இறங்கினேன். உடம்பும் மலைப்பாதைக்குப் பழகியிருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் டப்பாவை மறந்த நாட்களில் பழைய அவதிதான்.

காரணம் தேடாமல் இருக்க முடியவில்லை. 1982இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பயணத்தில் எளிதில் குமட்டல் வருகிற 36 பேரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றியிருக்கிறார்கள். சுக்குப் பொடி எடுத்துக்கொண்டவர்கள், வழக்கமான வாந்தித் தடுப்பு மாத்திரை போட்டவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை அப்படியே உறுதிசெய்யவில்லை. கர்ப்பகாலக் குமட்டலுக்குத்தான் சான்று இன்னும் வலுவாக இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு கிராம் சுக்குப் பொடி அளவில் கொடுத்திருக்கிறார்கள். இரைப்பையில் உள்ளது கீழே இறங்குவதை இஞ்சி விரைவுபடுத்துகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ‘செரிமானம்’ என்று பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சல்ல.

பச்சை இஞ்சியின் காரத்துக்குப் பெயர் ஜிஞ்ஜெரால். காயும்போது அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. அதனால்தான் சுக்கு இன்னும் சுள்ளென்று இறங்குகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. ‘ஜிஞ்ஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமோ, பல மொழிகள் வழியாகப் பின்னோக்கிப் போனால், நம் ‘இஞ்சி வேர்’தான். வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி வரிசைவரை நிமிர்ந்து உட்கார்ந்தது.

இவ்வளவு மதிக்கிறேன் என்பதாலேயே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் நான்கையும் காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரையும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கும் என் அப்பா அதை நம்பி, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டை குறையாமல் இருப்பதை அம்மா பார்த்துக் கண்டுபிடித்தபோது பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சாறு எந்த அடைப்பையும் கரைக்காது. மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் உறையலாம். மருத்துவர் மாத்திரையை உடனே தொடரச் சொன்னார். குழம்பிலும் துவையலிலும் போடும் இஞ்சிக்குத் தடையில்லை, தினமும் டம்ளர் கணக்கில் சாறு வேண்டாம், அதுவும் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுக்கக்கூடியது என்று விளக்கினார். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் அளவு மீறினால் எரிச்சல் கூடும்.

அப்பாவுக்கு இப்போது மாலையில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் மட்டும். இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பால் ஊற்ற வேண்டும். பச்சையாகப் பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும்.

போன வாரம் காரவள்ளியில் ஒரு பெண் மடியில் மகளோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு வளைவுகளிலேயே சிறுமியின் முகம் வெளுத்துவிட்டது. டப்பாவைத் திறந்து ஒரு வில்லையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தேன். காரத்தில் கண்ணைச் சுருக்கினாள், துப்பவில்லை. ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டு அவளை என் இடத்தில் உட்காரவைத்தேன். செம்மேட்டில் இறங்கும்போது மீதிப் பாதியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.